மூன்று மில்லி

சாவியைத் திருப்பித் தர இன்னும் நான்கு நாள்.
ஹாரிஸ் வந்து பார்த்துவிட்டுப் போனான்.
பின்கதவில் கண்ணாடி ஒன்று, கொசுவலை ஒன்று,
சரி செய்யாவிட்டால் முன்பணத்தில்
நாற்பது தினார் பிடிப்பார்களாம்.
நாற்பதுக்கு
அபு ஹலீஃபாவில் கதவே கிடைக்கும் என்றேன்.
தோளைக் குலுக்கினான்.
கதவு அவனுடையதல்ல.
பதினோரு வருஷமாக என்னுடையதும் அல்ல.

விரிசல் போன வருஷம் மார்ச்சில் வந்தது.
வானம் மஞ்சளாகி, மஞ்சள் செங்கலாகி
மதியம் மூன்று மணிக்குத் தெருவிளக்கு எரிந்த நாள்.
சவரிமுத்து கொக்கி மாட்ட மறந்தார்.
(மறக்கவில்லை, கொக்கி கழன்றது
என்பது அவர் கட்சி.)
ஒரே அறை.
கீழ் மூலையிலிருந்து மேல் மூலை வரை கோடு,
கோட்டின் மேல் பழுப்பு டேப்,
டேப்பின் ஓரமெல்லாம் ஒட்டிக்கொண்டு
பதினான்கு மாதப் புழுதி.

வலையில் இருந்த ஓட்டைக்குக்
காற்றைக் குறை சொல்ல முடியாது.
அதை நான்தான் வெட்டினேன்,
காய் நறுக்கும் கத்தியால்,
முழங்கால் உயரத்தில், நூறு ஃபில்ஸ் காசு அகலம்.
பின்முற்றத்துத் தகர அறையில் நான்கு பேர்.
எங்கள் வைஃபை அந்தச் சுவரைத் தாண்டவில்லை.
கம்பி தாண்டியது.
மாதம் பிறந்தால் ஆளுக்கு ஒன்றரை தினார்.
வெள்ளிக்கிழமைகளில் அந்த ஓட்டை வழியாக
சில்ஹட்டுக்கு ஒரு கல்யாணம் போயிற்று,
போக்ராவிலிருந்து ஒரு குழந்தை வந்து சிரித்தது.
படம் உறைந்தால் கதவைத் தட்டுவார்கள்.
ரவுட்டரை அணைத்துப் போடுவேன்.

ஃபஹாஹீலில் கண்ணாடிக் கடைக்காரர்
என் துண்டுச்சீட்டை இரண்டு தடவை படித்தார்.
சட்டத்தின் உள்ளளவா இது?
ஆமாம்.
மூன்று மில்லி குறைத்துக் கோடு போட்டார்.
காசு முழுசாக, கண்ணாடி குறைவாகவா என்று
நான் சண்டைக்கு நின்றேன்.
'ஆகஸ்ட் வரும், சகோதரி' என்றார்.
'சட்டம் ஒரு பக்கம் வீங்கும், கண்ணாடி ஒரு பக்கம்.
இடம் விடாமல் இறுக்கி வைத்தால்
உடைக்கக் காற்றே வேண்டாம்.'

கண்ணாடியை ஷொஹெல் பிடித்தான்,
இரண்டு ஈரத்துண்டு சுற்றி.
தேவ் பகதூர் ஓரப்பட்டையைத் தட்டி ஏற்றினான்.
பிடி, விடு, மேலே, மேலே,
என் விரல், என் விரல்,
மூன்று மொழியிலும் ஒரே சொல்லாகக் கேட்டது.

வலை என் வேலை.
ஒரு தினார் கடையில் வாங்கிய உருளையால்
ரப்பர் கயிற்றைக் காடிக்குள் அழுத்திக்கொண்டே போக வேண்டும்.
முதல் தடவை ரொம்ப இழுத்துவிட்டேன்.
சட்டம் இடுப்பை வளைத்துக்கொண்டு நின்றது.
பிடுங்கி, மறுபடி.
இரண்டாம் தடவை தொப்பை விழுந்தது.
சவரிமுத்து சிரித்த சிரிப்புக்கு
உருளையை அவர் மேல் எறிந்திருப்பேன்,
விசா முடிகிற ஆள் என்று விட்டேன்.

கம்பியைப் பற்றி யாரும் பேசவில்லை.
ஷொஹெலே போய் உருவினான்.
உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே
சுற்றிச் சுற்றி எடுத்து
வெளிச்சுவர் ஆணியில் மாட்டினான்.
அடுத்து யார் என்று மட்டும் கேட்டான்.
பத்தனம்திட்டைக் குடும்பமாம் என்றேன்.
நல்லவர்களா?
எனக்கு எப்படித் தெரியும்.

நான்காம் நாள் ஹாரிஸ்
கண்ணாடியை மோதிரத்தால் தட்டிப் பார்த்தான்.
வலையின் நடுவில் கட்டைவிரலை வைத்து அமுக்கினான்.
பறை மாதிரி விறைப்பு.
கையெழுத்துப் போட்டான்.
குனியவில்லை.

சவரிமுத்து குனிந்தார், செருப்பு மாட்ட.
கீழ் மூலையில் ஒரு விரற்கடைக்கு
ரப்பர் காடிக்குள் போகாமல்
வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது.
'இங்கே அழுத்தவே இல்லையே நீ' என்றார்.

ஆகஸ்ட் வரும் என்றேன்.